முதலில் தராசு, அப்புறம் வெப்சைட்

கேள்வி: கோவில்பட்டி பக்கத்தில் வீட்டிலேயே கடலை மிட்டாய், கை முறுக்கு, பொடி வகைகள் செய்து விற்கிறேன். செக்கு நல்லெண்ணெயும் உண்டு. இரண்டு வருடம் வாட்ஸ்அப்பில் ஓடிய வியாபாரம். இப்போது வூகாமர்ஸ் என்ற ஆன்லைன் கடை மென்பொருளில் சொந்தக் கடை போட்டிருக்கிறோம். வெப்சைட் செய்து கொடுத்த தம்பி, இந்தியா முழுக்க டெலிவரி 60 ரூபாய், 499 ரூபாய்க்கு மேல் இலவசம் என்று வைத்துவிட்டார். ஆர்டர் நன்றாக வருகிறது. மாதக் கடைசியில் கூரியர் பில் கட்டினால் கையில் ஒன்றும் நிற்பதில்லை. போன மாதம் கேஷ் ஆன் டெலிவரியில் போன 40 பெட்டிகளில் 9 திரும்பி வந்துவிட்டன. ஷிப்பிங்கை எப்படி அமைக்க வேண்டும், எத்தனை ஆப்ஷன் கொடுக்க வேண்டும்? சிங்கப்பூரிலிருந்தும் கேட்கிறார்கள். ஜி.எஸ்.டி. இன்னும் எடுக்கவில்லை. கூரியர் ரேட் கார்டும் இரண்டு பில்களும் இணைத்திருக்கிறேன்.
ஒரு வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: பில்களை இணைத்து அனுப்பினீர்களே, அதுவே பாதி வேலை. முக்கால்வாசிப் பேர் வெப்சைட்டின் படத்தை மட்டும் அனுப்பி, எங்கே தப்பு என்று கேட்பார்கள். உங்கள் விஷயத்தில் தப்பு வெப்சைட்டில் தொடங்கவில்லை. பெட்டியில் தொடங்குகிறது.

குவாஹாட்டிக்குப் போன முறுக்கு பில்லை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அனுப்பியது ஒரு கிலோ முறுக்கு. பெட்டியோடு சேர்த்து 1.25 கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள். பில்லில் இருப்பது 3 கிலோ. கூரியர்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நீங்கள் நினைத்தது புரிகிறது, ஆனால் அவர் ஏமாற்றவில்லை. வண்டியிலும் விமானத்திலும் இடத்துக்கும் காசு உண்டு. அதனால் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலான கூரியர்கள் 5000-ஆல் வகுக்கிறார்கள். அந்த எண்ணும் உண்மையான எடையும் எது அதிகமோ, அதற்குத்தான் பில். உங்கள் பெட்டி 30-க்கு 25-க்கு 20. பெருக்கினால் 15,000, வகுத்தால் 3. முறுக்கு உடையக் கூடாது என்று சுற்றிலும் தெர்மாகோல் அடைத்தீர்கள் அல்லவா, அந்தத் தெர்மாகோலுக்கும் சேர்த்துத்தான் குவாஹாட்டி வரை வாடகை கட்டியிருக்கிறீர்கள்.

இதே முறுக்கை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உருளையாக பாக்கெட் போட்டு, நெருக்கமாக வைத்தால் 25-க்கு 20-க்கு 12 பெட்டியில் அடங்கும். வகுத்துப் பாருங்கள், 1.2 கிலோ. நெருக்கி அடுக்கிய முறுக்கு ஆடாது, அதனால் உடைவதும் குறைவு. காலி இடம்தான் முறுக்கை உடைக்கிறது.

கடலை மிட்டாய்க்கு இந்தத் தொல்லை கிடையாது. அது கனம். அங்கே இடிப்பது வேறு. உங்கள் ரேட் கார்டு அரைக் கிலோ படியில் ஏறுகிறது. அரைக் கிலோ பாக்கெட்டை 90 கிராம் பெட்டியில் வைத்தால் 590 கிராம். ஒரு கிலோவுக்கான காசு வாங்குவார்கள். 400 கிராம் பாக்கெட் போட்டால் பெட்டியோடு 490 கிராமில் நிற்கும். ‘அரைக் கிலோதானே எல்லாரும் கேட்கிறார்கள்’ என்பீர்கள். கடையில் வந்து வாங்குபவர் கேட்பார். ஆன்லைனில் வாங்குபவர் நீங்கள் என்ன வைக்கிறீர்களோ அதை வாங்குவார். நிகர எடையையும் விலையையும் தெளிவாகப் போட்டால் போதும்.

நல்லெண்ணெயில் இதே கதை இன்னும் மோசம். ஒரு லிட்டர் எண்ணெயே ஏறக்குறைய 920 கிராம். பாட்டிலும் பபிள் ஷீட்டும் அட்டைப் பெட்டியும் சேர்ந்தால் ஒரு கிலோவைத் தாண்டி ஒன்றரைக் கிலோ படிக்குப் போய்விடும். ஒற்றை லிட்டர் பாட்டிலைத் தனியாக அனுப்பும் ஆர்டரை நிறுத்திவிடுங்கள். அரை லிட்டரை மற்ற பொருளோடு சேர்த்து விற்கலாம், அல்லது 5 லிட்டர் டின்னாக விற்கலாம்.

எண்ணெய் என்றதும் என் சொந்தக் கதை ஒன்று. தொழிலுக்கு வந்த புதிதில், மூடியைக் கையால் இறுக்கித் திருகியதே போதும் என்று நம்பி ஒரு பார்சல் அனுப்பினேன். வழியில் யாரோ தலைகீழாக வைத்திருக்கிறார்கள். வைக்கத்தான் செய்வார்கள். முகவரிச் சீட்டு பஜ்ஜி மடித்த பேப்பர் மாதிரி ஆகி, எழுத்து ஒன்றும் தெரியவில்லை. என் பார்சலோடு பக்கத்தில் இருந்த நாலு பேருடையதும் நாசம். அன்றிலிருந்து என் வாடிக்கை இது: மூடிக்கு உள்ளே அலுமினிய சீல், மூடியைச் சுற்றி டேப், பாட்டில் முழுக்க ஒரு பிளாஸ்டிக் கவர், கவரின் வாய் கட்டியிருக்க வேண்டும். அப்புறம்தான் பெட்டி. ஒரு பாட்டிலை இப்படிக் கட்டி, ஒரு ராத்திரி முழுக்கப் பேப்பர் மேல் தலைகீழாக நிறுத்தி வைத்துப் பாருங்கள். காலையில் பேப்பரில் பொட்டு இல்லையென்றால் அனுப்பலாம். எண்ணெய் போன்ற திரவங்களை விமானத்தில் ஏற்ற யோசிக்கிற கூரியர்கள் உண்டு. தரை வழியில்தான் போகும் என்று வைத்துக்கொண்டு நாள் கணக்குச் சொல்லுங்கள்.

சரி, இப்போது அந்த 60 ரூபாய்க்கு வருவோம். உங்கள் ரேட் கார்டில் தமிழ்நாட்டுக்குள் ஒரு கிலோ 70 ரூபாய், கூடுதல் அரைக் கிலோவுக்கு 30. இதோடு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேரும்: 82 ரூபாய் 60 பைசா. அட்டைப் பெட்டி 14, டேப்பும் பபிள் ஷீட்டும் 6. ஆக 102.60. பக்கத்து மாவட்டத்துக்கு அனுப்பினாலே ஒரு கிலோவுக்கு 42 ரூபாய் கைவிட்டுப் போகிறது. அசாமைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

499-க்கு மேல் இலவசம் என்பதுதான் உங்கள் கடையின் பெரிய ஓட்டை. உங்கள் தம்பி அதைத் துணிக்கடை வெப்சைட்டைப் பார்த்து வைத்திருப்பார் என்று நினைக்கிறேன். 1,500 ரூபாய் சேலை ஒரு கிலோகூட வராது. ஆர்டர் தொகை ஏற ஏற கூரியர் செலவு அங்கே அவ்வளவாக ஏறாது, அதனால் இலவசம் கட்டுப்படியாகும். கடலை மிட்டாயில் தொகை ஏறினால் எடையும் கூடவே ஏறும். நீங்கள் சொன்ன லாபக் கணக்குப்படி 499 ரூபாய் ஆர்டரில் உங்களுக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 150 ரூபாய், எடை ஒன்றரைக் கிலோ. தமிழ்நாட்டுக்குள் அதை அனுப்ப 118 ரூபாய் கூரியர், 20 ரூபாய் பெட்டி. மிச்சம் 12 ரூபாய். வரம்பை 999 ஆக்கினால் சரியாகிவிடுமா? எடை 3 கிலோ, லாபம் 300, கூரியர் 224, பெட்டி 30. மிச்சம் 46 ரூபாய். ஆயிரம் ரூபாய்க்குச் சரக்கு கட்டி, 46 ரூபாய்.

ஆகவே கனமான, விலை குறைந்த பொருளுக்கு இலவச டெலிவரி வேண்டாம் என்பதே என் கருத்து. விளம்பரத்துக்கு நன்றாக இருக்கும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் உங்கள் கூரியர் பில்லைக் கட்டப் போவதில்லை. இலவசத்துக்குப் பதிலாகச் செலவில் ஒரு பங்கைப் பொருள் விலையிலேயே ஏற்றிக்கொண்டு, மீதியை மட்டும் டெலிவரிக் கட்டணமாகக் கேளுங்கள். தமிழ்நாட்டுக்குள் ஒரு கிலோ வரை 80, இரண்டு கிலோ வரை 140 என்று வைத்தால் வாங்குபவருக்கும் உறுத்தாது. கார்ட்டில் ஒரு வரி எழுதி வையுங்கள்: ‘இன்னும் ஒரு பொடி பாக்கெட் சேர்த்தாலும் டெலிவரி இதே 80 ரூபாய்தான்.’ படி நிரம்பும் வரை அது பொய்யும் இல்லை.

இதை வூகாமர்ஸில் வைக்கும் விதம். ஷிப்பிங் பகுதியில் ஜோன் என்று இருக்கும், ஒரே கட்டணம் வைக்கிற ஊர்களைச் சேர்த்து வைக்கும் பட்டியல் அது. வாடிக்கையாளர் முகவரியை வூகாமர்ஸ் மேலிருந்து கீழாக ஒவ்வொரு ஜோனோடும் பொருத்திப் பார்க்கும். முதலில் பொருந்துவது எதுவோ அதன் கட்டணத்தைக் காட்டும். ஆகவே குறுகியது மேலே, விரிந்தது கீழே. கோவில்பட்டியின் பின்கோடுகள் முதல் ஜோன், அதில் நேரில் எடுத்துச் செல்லும் லோக்கல் பிக்அப்பும் ஊருக்குள் டெலிவரியும். அடுத்தது தமிழ்நாடு. மூன்றாவது மற்ற தென் மாநிலங்களும் புதுச்சேரியும். நான்காவது வடகிழக்கு, ஜம்மு காஷ்மீர், லடாக், அந்தமான், லட்சத்தீவு. இவை உங்கள் கார்டில் தனி ரேட். கடைசியாக மீதி இந்தியா.

தமிழ்நாட்டு ஜோனைப் பின்கோடு வைத்துப் போடாமல் மாநிலத்தின் பெயரை வைத்துப் போடுங்கள். 60 முதல் 64 வரை தொடங்குவதெல்லாம் தமிழ்நாடு என்று போட்டால் புதுச்சேரி உள்ளே வந்துவிடும். 605001 புதுச்சேரி, 605602 விழுப்புரம். காரைக்கால் 609602, மயிலாடுதுறை 609001. கூத்து என்னவென்றால் அதே யூனியன் பிரதேசத்தின் மாஹேவுக்கு 673, கேரளத்தோடு. ஏனாமுக்கு 533, ஆந்திரத்தோடு. 1972 ஆகஸ்ட் 15-ல் வந்த இந்த எண்முறை தபால் போகும் வழியைப் பார்த்துப் போடப்பட்டது, வரிக்காகப் போட்டதில்லை.

வரி என்றேனே, இதைத் தள்ளிப் போடாதீர்கள். தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்றால் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் தாண்டும் வரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. மாநில எல்லை தாண்டி, வரி உள்ள சரக்கை விற்றால் அந்த வரம்பு உங்களுக்குப் பொருந்தாது. முதல் பார்சலிலிருந்தே பதிவு வேண்டும். கைவினைப் பொருள்களுக்குச் சலுகை உண்டு, முறுக்குக்கு இல்லை. புதுச்சேரியும் எல்லை தாண்டியதுதான். பதிவு கைக்கு வரும் வரை கோவில்பட்டி, தமிழ்நாடு ஜோன்கள் தவிர மற்றதையெல்லாம் எடுத்துவிடுங்கள். இதுவரை குவாஹாட்டிக்கும் பெங்களூருக்கும் போனதைப் பற்றி ஆடிட்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பதிவு எடுத்த பின், டெலிவரிக் கட்டணமும் பில் தொகையில் சேர்ந்து, பொருளுக்கு என்ன வரி விகிதமோ அதுவே அதற்கும் வரும் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எடைக்கு ஏற்பக் கட்டணம் வைக்க வூகாமர்ஸில் கூடவே வரும் ஃபிளாட் ரேட், அதாவது எடை பார்க்காத கட்டணம், போதாது. எடைப் படி வைக்கும் பிளகின் (கூடுதலாகச் சேர்க்கும் சின்ன மென்பொருள்) ஒன்றைத் தம்பியைப் போடச் சொல்லுங்கள், இலவசமாகவே கிடைக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் எடைக் கட்டத்தில் எண் போட வேண்டும். இங்கேதான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். லேபிளில் உள்ள நிகர எடையைப் போடாதீர்கள். கூரியர் பில்லில் என்ன எடை வருமோ அதைப் போடுங்கள். 400 கிராம் கடலை மிட்டாய்க்கு 490. ஒரு கிலோ முறுக்குக்கு, பெட்டி மாற்றிய பிறகு, 1.25. அந்தக் கட்டத்தை வாங்குபவர் கண்ணில் படாமல் வைக்கலாம். நிகர எடையைப் பொருள் விவரத்தில் தனியாக எழுதுங்கள்.

எத்தனை ஆப்ஷன் என்று கேட்டீர்கள். வெளியூர் ஜோன்களில் ஒன்றே ஒன்று. எக்ஸ்பிரஸ், ஸ்டாண்டர்டு, எகானமி என்று மூன்று காட்டினால் வாங்குபவர் அங்கே நின்று யோசிப்பார். யோசிப்பவர் பாதிப் பேர் அப்புறம் பார்க்கலாம் என்று போய்விடுவார். எந்த கூரியரில் அனுப்புவது என்பது உங்கள் முடிவு. அவர் கூரியர் போகாத ஊர்க்காரர் என்றால் ஸ்பீடு போஸ்டில் போடுங்கள். நாடு முழுக்க 1,60,000-க்கும் மேல் தபால் நிலையம் இருக்கிறது, மலையோரக் கிராமத்துக்கும் போகும். பழைய ஆட்கள் ரெஜிஸ்டர் போஸ்டில் அனுப்புங்கள் என்பார்கள். 2025-ல் அது ஸ்பீடு போஸ்டோடு சேர்ந்துவிட்டது.

கட்டணத்தைக் கடைசிப் பக்கம் வரை ஒளித்து வைக்காதீர்கள். மொத்த விலை எவ்வளவு, அதில் டெலிவரி எவ்வளவு என்று பிரித்துக் காட்ட வேண்டும் என்பது 2020-ல் வந்த இணையவழி வணிக நுகர்வோர் விதி. விதி இல்லாவிட்டாலும், 280 ரூபாய் என்று பார்த்து வந்தவர் கடைசியில் 360 என்று பார்த்தால் முகம் சுளிக்கத்தான் செய்வார்.

கேஷ் ஆன் டெலிவரிக்கு வருகிறேன். திரும்பி வந்த 9 பெட்டிகளும் தமிழ்நாட்டுக்குள் போன ஒரு கிலோ பெட்டிகள் என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் கூரியர் திரும்பி வர அதே 70 வாங்குகிறார். போக 70, வர 70, வரி சேர்த்து 165 ரூபாய் 20 பைசா. ஒன்பதுக்கு 1,487 ரூபாய். இரண்டு வாரம் ஊர் சுற்றி நொறுங்கி வந்த முறுக்கை என்ன செய்வீர்கள்? அதை மறுபடி விற்க மாட்டீர்கள் என்று உங்கள் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது.

சேலை திரும்பி வந்தால் மடித்து வைக்கலாம். தின்பண்டத்துக்கு கேஷ் ஆன் டெலிவரி சரிப்படாது. சட்டென்று நிறுத்த மனம் வரவில்லையென்றால் தமிழ்நாட்டுக்குள் மட்டும் வையுங்கள். வூகாமர்ஸில் அந்தக் கட்டண முறையின் அமைப்பிலேயே எந்த ஷிப்பிங் முறைக்கு அது தெரிய வேண்டும் என்று தேர்ந்தெடுக்க இடம் இருக்கிறது. அதிலும் 100 ரூபாயை முன்பணமாக யு.பி.ஐ.யில் வாங்கிக்கொண்டு பிறகு பெட்டி கட்டுங்கள். நூறு ரூபாய் கட்டியவர் பெரும்பாலும் கதவைத் திறப்பார். விளையாட்டுக்கு ஆர்டர் போட்டவர் அங்கேயே கழன்றுகொள்வார். பெட்டி கிளம்பும் முன் வாட்ஸ்அப்பில் ‘அக்கா, நாளைக்கு அனுப்புகிறோம், வீட்டில் இருப்பீர்களா’ என்று ஒரு வரி கேட்பதற்கு எந்த பிளகினும் ஈடு இல்லை. இரண்டு வருடம் நீங்கள் அதைத்தான் செய்துகொண்டிருந்தீர்கள். வெப்சைட் வந்ததும் ஏன் விட்டீர்கள்?

முகவரிப் படிவத்தில் இரண்டு மாற்றம். போன் நம்பர் கட்டாயம். அடையாளம் சொல்ல ஒரு தனிக் கட்டம். நம்மூரில் கதவு எண் 3/142 என்றால் டெலிவரி தம்பிக்கு ஒன்றும் விளங்காது, பிள்ளையார் கோவில் எதிர்ச்சந்து என்றால் நேரே வந்து நிற்பார். புதூர் என்ற பெயரில் எத்தனை ஊர் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். பின்கோடு போட்டவுடன் மாவட்டம் தானாக வந்து நிற்கும்படி செய்துவிட்டால் தப்பு குறையும்.

நாள் சொல்வதில் கஞ்சத்தனம் வேண்டாம். நீங்கள் ஆர்டர் வந்த பிறகு முறுக்கு சுடுகிறீர்கள். அந்த இரண்டு நாளைத் தனியாகச் சொல்லுங்கள்: ‘தயாராக 2 நாள், தமிழ்நாட்டுக்குள் வந்து சேர 2 முதல் 4 நாள்.’ ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னைப் பக்கம் ஒன்றிரண்டு நாள் கூட்டிச் சொல்லுங்கள்; அந்த மாதங்களில் கடலை மிட்டாய் ஈரம் குடித்துப் பிசுபிசுக்கும், உள் கவர் காற்றுப் புகாமல் ஒட்டியிருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் அழுத்திப் பாருங்கள். தீபாவளி ஆர்டருக்குப் பத்து நாள் முன்பே கடைசித் தேதி என்று முகப்பில் போட்டுவிடுங்கள்.

கல்யாணச் சீர் பலகாரம் மாதிரி 15, 20 கிலோ ஆர்டரை இந்தக் கணக்குக்குள் கொண்டுவராதீர்கள். 10 கிலோவுக்கு மேல் போனில் பேசவும் என்று எழுதிவிட்டு, லாரி பார்சல் சர்வீஸிலோ பஸ் பார்சலிலோ போடுங்கள். டூ பே என்று போட்டால் வாடகையை அவர்களே இறக்குகிற இடத்தில் கட்டி எடுத்துக்கொள்வார்கள். போய் எடுக்க வேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இன்னொரு சின்னப் பழக்கம். ஒவ்வொரு பெட்டியையும் ஒட்டிய பிறகு தராசில் வைத்து, எடை எண்ணும் முகவரிச் சீட்டும் தெரியும்படி ஒரு போட்டோ. டேப் வைத்து அளந்து இன்னொரு போட்டோ. எங்கள் அனுபவத்தில் பில்லில் எடை கூடுதலாக வந்தபோதெல்லாம் காசைத் திருப்பி வாங்கித் தந்தது இந்த போட்டோதான். போட்டோ இல்லாத தகராறில் நாங்கள் ஜெயித்ததே இல்லை.

சிங்கப்பூர் இப்போது வேண்டாம். ஏற்றுமதிக்கு ஐ.இ.சி. என்ற ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் வேண்டும், அந்த நாட்டு உணவு விதிகள் தனி, கூரியர் செலவு பொருள் விலையைத் தாண்டும். உள்ளூர்க் கணக்கு நேரானதும், அஞ்சல் துறை நடத்தும் டாக் கர் நிர்யாத் கேந்திராவில் (தபால் வழி ஏற்றுமதிக்கு உதவும் மையம்) போய் விசாரியுங்கள். அதுவரை இந்தியாவுக்கு வெளியே ஜோனே போடாமல் விடுங்கள். முகவரி போட்டால் டெலிவரி இல்லை என்று அதுவே சொல்லிவிடும். கேட்பவர்களின் சொந்தக்காரர் யாராவது ஊருக்கு வந்து போகும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுபோகட்டும்.

தம்பி எல்லாவற்றையும் மாற்றி முடித்ததும் விளம்பரம் கொடுக்க ஓடாதீர்கள். அம்பத்தூரில் ஒருவர், ஊட்டியில் ஒருவர், உங்கள் தெருவில் ஒருவர் என மூன்று சொந்தக்காரர்களை ஆர்டர் போடச் சொல்லுங்கள். ஆர்டரில் உள்ள பொருள்களுக்கு நீங்கள் போட்ட எடையின் கூட்டலையும் பிறகு வரும் கூரியர் பில்லில் உள்ள எடையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அரைக் கிலோ படி மாறி வந்தால் எடைக் கட்டத்தில் எந்த எண்ணையோ தப்பாகப் போட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அது முறுக்காகத்தான் இருக்கும்.